வாட்ச் காட்டும் எண் தவறினால் எங்கே பார்ப்பது: விளையாட்டு சென்சார்களுக்கு அறிகுறி வாரியான வழிமுறை

ஓட்டக்காரர் கையில் வாட்ச், மார்பில் ஸ்ட்ராப், கால்பந்து ஆடும் பிள்ளைகளின் முதுகில் ஜிபிஎஸ் பாட் (தூரமும் வேகமும் பதியும் சிறு பெட்டி), கிரிக்கெட் நெட்டில் போனை ஸ்டாண்டில் நிறுத்தி வேகம் பார்க்கும் ஆப். இவையெல்லாம் இப்போது உள்ளூர் கிளப் வரைக்கும் வந்துவிட்டன. வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கருவி தப்பாகக் காட்டிய எண்ணை நம்பி ஒரு பிள்ளையின் பயிற்சியைக் குறைப்பதும், "உனக்கு ஸ்டாமினா பத்தாது" என்று ஓரங்கட்டுவதும் கூடவே வந்துவிட்டது. அதைத் தடுக்க முடியும். கொஞ்சம் பொறுமையாகத் தேடினால் பெரும்பாலான கோளாறுகளைப் பத்து நிமிடத்தில் மைதானத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் கீழிருந்து மேலே வாருங்கள். அடியில் இருப்பது சென்சார். அதற்குத் தெரிந்தது ஒளி, மின்சாரம், ரேடியோ அலை, அசைவு இவ்வளவுதான். அதற்கு மேலே நீங்கள் கொடுத்த செட்டிங்: வயது, எடை, லேன் எண், குளத்தின் நீளம், பிட்ச்சின் நீளம். எல்லாவற்றுக்கும் மேலே, இந்த இரண்டையும் வைத்து ஏஐ கணிக்கும் விஓ2 மேக்ஸ் (உடம்பு அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற எண்), ரெக்கவரி (உடம்பு எவ்வளவு தேறியிருக்கிறது என்ற எண்), மூட்டுக் கோணம் போன்றவை. மேலே தெரியும் கோளாறில் பெரும்பகுதி கீழே பிறந்தது. ஃபேக்டரி ரீசெட் கடைசி வேலை. அதையே முதலில் செய்துவிட்டுப் பழைய பதிவுகளை இழந்தவர்கள் நிறையப் பேர்.

## ஓடத் தொடங்கியதுமே துடிப்பு 175, மெதுவாகப் போனாலும் இறங்க மாட்டேன் என்கிறது

மூச்சு வாங்கவில்லை. பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே போகிறீர்கள். வாட்ச் மட்டும் 175 காட்டுகிறது. உடனே கேடன்ஸைப் பாருங்கள், அதாவது நிமிடத்துக்கு எத்தனை காலடி என்ற எண். அதுவும் 173, 175 என்று ஒட்டியே போனால், வாட்ச் உங்கள் துடிப்பை விட்டுவிட்டுக் காலடியை எண்ணிக்கொண்டிருக்கிறது.

இது ஏன் நடக்கிறது? வாட்சின் அடியில் மின்னும் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியை அனுப்புகிறது. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலடி ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் மாறும். அந்த மாற்றத்தை எண்ணுவதுதான் முறை. ஆனால் அந்த மாற்றம் மிகச் சின்னது. கை வீசும்போது வாட்ச் தோலிலிருந்து விலகி விலகி ஒட்டினால், அதனால் வரும் ஒளி மாற்றம் துடிப்பையே மூழ்கடித்துவிடும். உள்ளே இருக்கும், அசைவை அளக்கும் ஆக்சலரோமீட்டரை வைத்துக் கை அசைவைக் கழித்துவிட்டு மீதியைத் துடிப்பாக எடுத்துக்கொள்ள மென்பொருள் பார்க்கிறது. துடிப்பும் காலடியும் பக்கத்துப் பக்கத்து எண்ணாக இருந்தால் எதைக் கழிப்பது என்று அதற்குப் பிடிபடுவதில்லை.

செய்ய வேண்டியது இந்த வரிசையில்:

1. வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு மேலே இரண்டு விரல் தள்ளிக் கட்டுங்கள். எலும்பின் மேலேயே உட்கார்ந்தால் இடைவெளி விழும்.
2. ஓடும் நேரத்துக்கு மட்டும் ஒரு துளை இறுக்குங்கள். வாட்சை அசைத்தால் தோலும் கூடவே அசைய வேண்டும். ஓடி முடித்ததும் தளர்த்திவிடுங்கள்.
3. கண்ணாடியைத் துடையுங்கள். வியர்வை உப்பு, தேங்காய் எண்ணெய், சன்ஸ்கிரீன் எல்லாம் அங்கே படிந்திருக்கும்.
4. ஐந்து பத்து நிமிடம் வார்ம்-அப் செய்துவிட்டு ஓடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் தோலுக்கு ரத்தம் குறைவாகத்தான் வரும், அங்கே இது கட்டாயம்.
5. ஓட்டத்தின் நடுவே மாட்டிக்கொண்டால் அரை நிமிடம் நின்று கையை அசைக்காமல் வையுங்கள். எண் இறங்கியதும் தொடருங்கள்.

டாட்டூவின் மேல் கட்டினால் வேலைக்கு ஆகாது, மை ஒளியை மறித்துவிடும். நம் தோல் நிறத்துக்கு இது சரிப்படாதா என்று பலர் கேட்கிறார்கள். மெலனின் பச்சை ஒளியை உறிஞ்சுவது உண்மைதான், அதற்காகத்தான் கருவிகள் விளக்கின் பிரகாசத்தைக் கூட்டிக்கொள்கின்றன. நான் பார்த்தவரை தளர்ந்த பட்டையும் கை அசைவும் செய்யும் கெடுதல் அதைவிடப் பெரிது. முதலில் பட்டையைச் சரிசெய்யுங்கள். அப்படியும் சரிவராதவர்களுக்கு முழங்கைக்கு மேலே கட்டும் ஆப்டிகல் பேண்ட் நல்ல வழி, அங்கே சதை அதிகம், அசைவு குறைவு.

சந்தேகம் தீர வேண்டுமா? நின்றதும் கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். வாட்ச் எண்ணுக்கும் இதற்கும் 30, 40 வித்தியாசம் வந்தால் வாட்ச்தான் தவறு. கையால் எண்ணினாலும் அதே உயரத்தில் இருந்தால், உட்கார்ந்திருக்கும்போதும் துடிப்பு இறங்கவில்லை என்றால், மார்பு வலியோ தலைசுற்றலோ கூட இருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள். கருவிக் கோளாறு என்று நீங்களே முடிவு கட்டக் கூடாத இடம் இது ஒன்றுதான்.

## இன்டர்வெல் (வேகமும் ஓய்வும் மாறி மாறி) ஓடும்போது துடிப்பு பின்தங்கி வருகிறது. வெயிட் தூக்கினால் காணாமல் போகிறது

இது கோளாறே இல்லை, மணிக்கட்டு சென்சாரின் எல்லை. சட்டென்று வேகம் கூட்டும்போது மென்பொருள் சில விநாடி சராசரி எடுத்துத்தான் காட்டும். 200 மீட்டர் ஓடி முடித்த பிறகுதான் உச்ச எண் வரும். பார்பெல், பேட், டென்னிஸ் ராக்கெட் பிடிக்கும்போது மணிக்கட்டு மடங்கித் தசைநாண் புடைத்து வாட்சைத் தூக்கிவிடும். இந்த வேலைகளுக்கு மார்பு ஸ்ட்ராப் வாங்குங்கள்.

## மார்பு ஸ்ட்ராப் முதல் சில நிமிடம் 210, 220 என்று எகிறுகிறது

ஸ்ட்ராப் ஒளியை நம்புவதில்லை. இதயத்தின் மின்சாரத்தை நேரடியாக எடுக்கிறது, ஈசிஜி போல. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் கம்பியில்லாத முதல் கருவியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து அடிப்படை இதுதான். மின்சாரம் பாய ஈரம் வேண்டும். வியர்க்கும் முன் தோல் காய்ந்திருக்கும்போது தொடர்பு விட்டு விட்டுக் கிடைக்கும், அதோடு பாலியெஸ்டர் டீசர்ட் உரசிக் கிளப்பும் நிலைமின்சாரமும் சேர்ந்து பொய்த் துடிப்புகளை உருவாக்கும். தோலில் படும் எலெக்ட்ரோடு இரண்டையும் தண்ணீரில் நனைத்துக் கட்டுங்கள். பத்தில் எட்டுப் பேருக்குப் பிரச்சினை இதோடு முடிந்துவிடும்.

முடியவில்லையா? துணிப்பட்டையைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், உப்பு ஏறிய பட்டை கடத்தாது. நாள்பட்ட பட்டை நைந்து போயிருந்தால் அதில் மாட்டும் சென்சார் பெட்டியை (பாட்) விட்டுவிட்டுப் பட்டையை மட்டும் மாற்றலாம். பேட்டரி சீக்கிரம் தீர்ந்தால், ஓடி முடித்ததும் பாடைக் கழற்றி வைக்கிறீர்களா என்று பாருங்கள். ஈரப் பட்டையோடு பையில் போட்டுவிட்டால் கருவி இன்னும் ஆள் மார்பில் இருப்பதாக நினைத்து இரவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்.

வாட்ச் ஸ்ட்ராப்பைக் கண்டுபிடிக்கவில்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் உங்கள் போன். பழைய ஸ்ட்ராப்கள் புளூடூத்தில் ஒரே நேரத்தில் ஒரு கருவியோடுதான் பேசும். பின்னணியில் திறந்திருக்கும் ஏதோ ஓர் ஆப் அதைப் பிடித்துவைத்திருக்கும். போனின் புளூடூத்தை அணைத்துவிட்டு வாட்சில் மறுபடி தேடுங்கள். குழுவாக இருபது பேர் ஸ்ட்ராப் கட்டி ஓடும் இடத்தில் வேறு ஒருவரின் துடிப்பு உங்கள் வாட்சில் ஏறிவிடும். ஸ்ட்ராப்பின் எண்ணைப் பார்த்து ஒருமுறை சரியாக இணைத்துக்கொண்டால் போதும்.

## தூரம் கூடிக்கொண்டே போகிறது. மேப்பில் பார்த்தால் கட்டடத்துக்குள் ஓடியிருக்கிறேன்

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை வைத்துத்தான் வாட்ச் தூரத்தைக் கணக்கிடுகிறது. அண்ணா சாலை மாதிரி உயரமான கட்டடங்கள் உள்ள இடத்தில் சிக்னல் சுவரில் பட்டுச் சுற்றி வரும். சுற்றி வந்ததால் தாமதம், தாமதத்தால் தவறான இடம். புள்ளிகள் இடவலமாகத் தாவ, அவற்றை இணைத்த கோடு நீண்டுவிடும்.

சிக்னல் பிடித்துவிட்டது என்று பச்சை காட்டிய பிறகும் இன்னொரு நிமிடம் திறந்த வெளியில் நில்லுங்கள். அவசரப்பட்டு ஓடத் தொடங்குவதால்தான் முதல் கிலோமீட்டர் பெரும்பாலும் கெடுகிறது. போனோடு சில நாளுக்கு ஒருமுறையாவது சிங்க் செய்யுங்கள். எந்த செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்ற முன்கணிப்பு அதன் வழியாகத்தான் வாட்சுக்கு வருகிறது, பழசாகிவிட்டால் தேடியே நேரம் போகும். செட்டிங்கில் ரெக்கார்டிங் "ஸ்மார்ட்" என்றிருந்தால் ஒவ்வொரு விநாடிக்கும் என்று மாற்றுங்கள். டூயல் ஃப்ரீக்வென்சி வசதி இருந்தால் நகரத்துக்குள் அதைப் போடுங்கள். எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் சேர்த்துப் பார்ப்பதால் சுவரில் பட்டு வரும் சிக்னலைக் கண்டுகொள்ள அதற்கு வழி இருக்கிறது. பேட்டரி கொஞ்சம் அதிகமாகச் செலவாகும்.

கணத்துக்குக் கணம் மாறும் பேஸை, அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரத்தை, பார்த்து ஓடாதீர்கள். அது ஜிபிஎஸ் வாட்சின் பலவீனமான எண். லேப் பேஸைத் திரையில் வையுங்கள்.

யாரோ கொடுத்த மிகப் பழைய வாட்ச், தேதியைச் சுமார் இருபது ஆண்டு பின்னால் காட்டுகிறதா? ஜிபிஎஸ் வாரத்தை 1024 வரைதான் எண்ணும், பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது. மென்பொருள் அப்டேட் கிடைத்தால் சரியாகும். கிடைக்காவிட்டால் தேதியை மறந்துவிட்டுத் தூரத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள், அது கெடாது.

## 400 மீட்டர் டிராக்கில் பத்துச் சுற்று, வாட்சில் 4.2 கிலோமீட்டர்

வாட்சைத் திட்டும் முன் எந்த லேனில் ஓடினீர்கள் என்று பாருங்கள். 400 மீட்டர் என்பது முதல் லேனுக்கு மட்டும், அதுவும் உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளந்தது. ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். வெளியே போகப்போக வளைவு பெரிதாகும். நான்காவது லேனில் ஒரு சுற்று சுமார் 422 மீட்டர், எட்டாவதில் 453. பத்துச் சுற்றுக்கு 4.2 காட்டினால், நான்காவது லேனில் ஓடியவருக்கு வாட்ச் சரியாகத்தான் சொல்கிறது.

முதல் லேனில் ஓடியும் தவறினால் ட்ராக் ரன் மோடைத் தேர்ந்தெடுங்கள், லேன் எண்ணைச் சரியாகக் கொடுங்கள், கேட்கும் சுற்றுகளை லேன் மாறாமல் ஓடிப் பழக்குங்கள். சாதாரண மோடில் வளைவைக் கத்தரித்து நேர்கோடாக்கிவிடும். பள்ளி மைதானத்தில் சுண்ணாம்பு போட்ட 200 மீட்டர் டிராக் என்றால் இந்த மோட் பெரும்பாலும் உதவாது. அங்கே லேப் பட்டனை அழுத்தி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், தூரத்தை டேப் வைத்து ஒருமுறை அளந்து எழுதிவைத்துவிடுங்கள்.

## மாரத்தான் பாதை நீளமாகிவிட்டது, என் வாட்சில் 42.7

ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் அமைப்பாளர்கள் மீது இந்தப் புகார் வருகிறது. சான்றளிக்கப்பட்ட பாதையை ஜிபிஎஸ் கொண்டு அளப்பதில்லை. சக்கரத்தின் சுற்றுகளை எண்ணும் கருவி பொருத்திய, அளவு சரிபார்த்த சைக்கிளில், வளைவுகளின் உள்விளிம்பை ஒட்டி, ஒருவர் ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளக்கிறார்கள். பாதை குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்க்கிறார்கள், மாரத்தானுக்கு அது 42 மீட்டர். நீங்களோ கூட்டத்தை விலக்கி, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, வளைவில் வெளிப்பக்கமாகப் போகிறீர்கள். அதோடு ஜிபிஎஸ் தாவல்.

இதனால் வரும் நஷ்டத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு மணி நேரத்தில் முடிக்க 42.195 கிலோமீட்டருக்குக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி. வாட்ச் 42.7 காட்டப்போகிறது என்றால் அதன் கணக்கில் 5:37 ஓட வேண்டும். 5:41ஐப் பார்த்துத் திருப்தியாக ஓடினால் இரண்டரை நிமிடத்துக்கும் மேல் போய்விடும். ஆட்டோ லேப்பை அணைத்துவிட்டுப் பாதையில் உள்ள கிலோமீட்டர் பலகையைக் கடக்கும்போது நீங்களே லேப் அழுத்துங்கள்.

பிப்பில் (பந்தய எண் தாளில்) உள்ள சிப் நேரம் வரவில்லை என்றால்: அது ரேடியோ அலையில் பேசும் மெல்லிய ஒட்டி. மடித்தாலும், மேலே போன் பெல்ட் கட்டினாலும், முதுகில் குத்தினாலும் தரையில் விரித்த மேட் அதைப் படிக்காமல் போகலாம். மார்பில், வெளியே தெரிகிற மாதிரி, நான்கு மூலையிலும் பின் குத்துங்கள்.

## ஏப்ரல், மே வந்ததும் விஓ2 மேக்ஸ் சரிகிறது

என்னை அதிகம் வருத்தும் அறிகுறி இது. கோடை தொடங்கியதும் பிள்ளைகள் போனை நீட்டுவார்கள். "மாஸ்டர், மார்ச்ல 52 இருந்துச்சு, இப்ப 48 காட்டுது. நான் வீக்காயிட்டேனா?" விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு நாள் தவறாமல் வந்த பிள்ளை கேட்கிற கேள்வி. சில பெற்றோர் அந்த எண்ணைப் பார்த்து விளையாட்டையே நிறுத்தச் சொல்கிறார்கள்.

விஓ2 மேக்ஸை உண்மையில் அளக்க முகமூடி மாட்டி, டிரெட்மில்லில் முடியும்வரை ஓடவிட்டு, மூச்சில் உள்ள ஆக்சிஜனைக் கணக்கிட வேண்டும். வாட்ச் அதைச் செய்யவில்லை. இந்த வேகத்தில் ஓட இவ்வளவு துடிப்பு ஆகிறது என்ற உறவை வைத்து ஊகிக்கிறது. வெயிலில் உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தம் திருப்பப்படுகிறது, வியர்வையில் நீரும் போகிறது. அதே வேகத்துக்கு இதயம் அதிகமாக அடிக்கிறது. மென்பொருளின் கண்ணுக்கு இது தகுதி குறைந்த மாதிரித் தெரிகிறது. சென்னை மே மாதக் காலையில், வெயில் ஏறும் முன்பே காற்றின் ஈரம் இந்த வேலையைச் செய்துவிடும்.

சரிபார்க்க வேண்டியவை. வாட்ச் போனோடு இணைந்து அன்றைய வானிலையைப் பெறுகிறதா? கார்மின் போன்ற சில கருவிகள் 22 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பத்துக்கான ஈடு செய்யும், ஆனால் வானிலைத் தகவல் போன் வழியாக வந்தால்தான். அடுத்து, அதிகபட்சத் துடிப்பு என்ற செட்டிங். யாரும் கவனிக்காமல் 220 கழித்தல் வயது என்று அப்படியே கிடக்கும். அந்தச் சூத்திரத்திலிருந்து ஒருவர் பத்துப் பன்னிரண்டு துடிப்பு விலகுவது சர்வசாதாரணம். நாற்பது வயதுக்காரருக்கு 180 என்று இருக்கும், அவருடைய உண்மையான உச்சம் 192 ஆக இருக்கும். நன்றாகப் பயிற்சி எடுத்த, உடல்நிலை சரியாக உள்ள ஒருவர், ஸ்ட்ராப் கட்டிக்கொண்டு, மேட்டில் பலமுறை கடினமாக ஓடி வந்த உச்ச எண்ணைப் போடுவது நல்லது. மூன்றாவது, அந்தப் பதிவுகளில் துடிப்பு காலடியோடு ஒட்டி ஓடியிருக்கிறதா? முதலில் சொன்ன கோளாறு இங்கே வந்து தலைகாட்டும். ஒரு வாரம் தவறான 175 பதிவானால் விஓ2 மேக்ஸ் தானாகச் சரியும்.

மூன்றும் சரியாக இருந்தாலும் வெயில் காலத்து எண்ணை வெயில் காலத்து எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். போன மே மாதம் என்ன காட்டியது? அந்தப் பிள்ளைக்கு நான் சொல்வது: "தம்பி, வாட்சைக் கழற்றி வை. அதே மூவாயிரம் மீட்டரை அதே டிராக்கில் ஓடு, ஸ்டாப்வாட்சில் பார்ப்போம்."

காலையில் காட்டும் ரெக்கவரி எண்ணுக்கும் இதே புத்தி வேண்டும். இரவில் துடிப்புக்கும் துடிப்புக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்து அது சொல்கிறது. உங்களுக்கான இயல்பு நிலையைக் கற்றுக்கொள்ள அதற்குச் சில வாரம் தொடர்ந்து இரவில் கட்டியிருக்க வேண்டும். விட்டு விட்டுக் கட்டினால், இரவுப் பணி பார்த்தால், காய்ச்சலுக்கு மாத்திரை போட்டிருந்தால் அந்த எண் பயிற்சியைப் பற்றிப் பேசவில்லை.

## நீச்சலில் தூரம் இரட்டிப்பாக, அல்லது பாதியாக

குளத்தின் நீளத்தைப் பாருங்கள். வேளச்சேரி 50 மீட்டர் குளத்தில் நீந்திவிட்டு செட்டிங்கை 25இல் விட்டால் பாதிதான் வரும். சுவரை உதைத்துத் திரும்பும் வேகத்தை வைத்தே வாட்ச் சுற்றை எண்ணுகிறது. நடுவில் நின்றால் ஒரு சுற்று கூடும், மெதுவாகத் திரும்பினால் ஒன்று குறையும். பலகை பிடித்துக் கால் மட்டும் அடிக்கும்போது கை அசையாததால் எண்ணாது. அதற்கு டிரில் மோட் இருக்கிறது.

உயரம் தாறுமாறாக வருகிறது என்றால் வாட்சின் பக்கவாட்டில் உள்ள சிறு துளையை வெறும் தண்ணீரில் அலசுங்கள். காற்றழுத்தமானி அங்கேதான் இருக்கிறது. ஊசி போட்டுக் குத்தாதீர்கள்.

## பதினைந்து வயதுப் பெண் மணிக்கு 43 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினாளாம்

குழு ஜிபிஎஸ் வெஸ்ட்டில், அதாவது பாட் வைத்த உள்சட்டையில், வரும் அறிகுறி. உசைன் போல்ட் 2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடியபோது 60 மீட்டருக்கும் 80 மீட்டருக்கும் இடையே தொட்ட வேகம் சுமார் 44.7. ஆகவே இந்த 43 சிக்னல் தாவல்தான். வெஸ்ட்டில் உள்ள பாட் விநாடிக்குப் பத்து முறை அளக்கும் ரகமாக இருக்கும், ஒரு புள்ளி தாவினாலும் உச்ச வேகம் எகிறிவிடும். அந்தக் கணத்தில் எத்தனை செயற்கைக்கோள் பிடித்திருந்தது என்று மென்பொருளில் பாருங்கள். கேலரிக் கூரையின் அடியில், மரத்தடியில் பாடை ஆன் செய்திருந்தால் அதுவே காரணம். ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்பே மைதானத்தின் நடுவில் வரிசையாக வைத்து ஆன் செய்யுங்கள். வெஸ்ட் தொளதொளவென்று இருக்கக் கூடாது, பாட் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் அசையாமல் உட்கார வேண்டும்.

இதைவிட அடிக்கடி நடப்பது: ஏழாம் எண் பாட் பதினேழாம் எண் வெஸ்ட்டில். தடுப்பாட்டக்காரருக்கு விங்கரின் தூரம் ஏறியிருக்கும். பாட் எண்ணையும் பெயரையும் ஒருவர் காகிதத்தில் டிக் செய்தால் தீர்ந்தது. வார்ம்-அப்பும் பெஞ்சில் உட்கார்ந்த நேரமும் வெட்டப்பட்டதா என்றும் பாருங்கள்.

"ஸ்பிரின்ட் பூஜ்யம்" என்று வந்தால் அது பாடின் தவறாகவே இருக்காது. ஆண்கள் தொழில்முறைக் கால்பந்தில் 25.2 கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் ஸ்பிரின்ட் என்று எடுப்பது வழக்கம், பல மென்பொருள்கள் அதையே முன்னிருப்பாக வைத்திருக்கும். பதிமூன்று வயதுப் பிள்ளைகளுக்கு அந்த வரம்பை வைத்துவிட்டு "யாரும் ஓடவில்லை" என்று திட்டுவது அநியாயம். ஒவ்வொருவரின் சொந்த உச்ச வேகத்தில் இத்தனை சதவீதம் என்று மாற்றுங்கள்.

இன்டோர் அரங்கில் கபடி, வாலிபால், பாட்மின்டனுக்கு இந்தப் பாடின் தூரம் வேண்டாம். கூரைக்குள் ஜிபிஎஸ் வராது. குதித்த எண்ணிக்கை போன்ற அசைவுத் தகவலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

## பௌலிங் ஆப்: நேற்று 114, இன்று 100, அதே பையன்

முதலில் பிட்ச் நீளம். ஸ்டம்ப்பிலிருந்து ஸ்டம்ப்புக்கு 22 கெஜம், 20.12 மீட்டர். ஆனால் பந்து கையை விடுவது ஸ்டம்ப்புக்கு முன்னே உள்ள பாப்பிங் கிரீஸ் கோட்டருகே. அங்கிருந்து எதிர்க் கிரீஸுக்கு 17.68 மீட்டர்தான். ஆப் கிரீஸிலிருந்து கிரீஸை அளக்கும்போது நீங்கள் 20.12 என்று கொடுத்திருந்தால், உண்மையில் 100 கிலோமீட்டரில் வந்த பந்து 114 ஆகிவிடும். நேற்று ஒருவர் ஒரு நீளம், இன்று வேறொருவர் வேறு நீளம் கொடுத்திருப்பார். சிறுவர்களுக்குப் பிட்ச்சைச் சுருக்கியிருந்தால் அதையும் டேப் வைத்து அளந்து கொடுங்கள்.

இரண்டாவது, ஃபிரேம். 100 கிலோமீட்டர் பந்து 17.68 மீட்டரைக் கடக்க 0.64 விநாடி. சாதாரண வீடியோவில் விநாடிக்கு 30 படம், ஆக மொத்தமே 19 படம். பந்து கையை விட்ட படத்தை ஒன்று முன்னே பின்னே எடுத்தால் வேகம் 95 ஆகும், அல்லது 106 ஆகும். விநாடிக்கு 240 படம் எடுத்தால் அதே பிழை ஒரு கிலோமீட்டரைக்கூட எட்டாது. எனவே ஸ்லோ-மோ 240இல்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, வீடியோ எப்படி வந்தது. நண்பர் எடுத்து வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருக்கும்போது படங்கள் குறைந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சில போன்கள் ஸ்லோ-மோவின் தொடக்கத்தையும் முடிவையும் சாதாரண வேகத்தில் வைத்துவிடும். பந்து விடும் கணம் அந்தப் பகுதியில் விழுந்தால் கணக்கு குழம்பும். ரெக்கார்டிங்கை ரன்-அப்புக்கு முன்பே தொடங்கி, பந்து கீப்பரிடம் போன பிறகு நிறுத்துங்கள். இரவு நெட்டில் படம் மின்னி மின்னி வந்து பந்து தொலைந்தால் விளக்குதான் காரணம், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு விநாடிக்கு நூறு முறை மங்கிப் பிரகாசிக்கும். பகலில் எடுங்கள்.

டிவியில் காட்டும் 140உடன் ஆப் எண்ணை ஒப்பிடாதீர்கள். டிவியில் வருவது கையை விட்டதும் உள்ள வேகம். ஆப் தருவது காற்றிலும் பிட்ச்சிலும் குறைந்த பிறகான சராசரி. ரேடார் கன் வைத்திருக்கும் அகாடமியிலும் பந்து வரும் கோட்டுக்கு நேரே நின்று பிடிக்க வேண்டும். 20 டிகிரி ஒதுங்கி நின்றால் 120 என்பது 113 ஆகத் தெரியும்.

## "உன் முழங்கை 24 டிகிரி மடங்குகிறது" என்று ஆப் சொல்கிறது

இதை நம்பி எந்தப் பிள்ளையின் ஆக்‌ஷனையும் மாற்றாதீர்கள். போன் கேமரா உடம்பின் மூட்டுகளைப் புள்ளிகளாக அடையாளம் கண்டு அவற்றை இணைத்துக் கோணம் சொல்கிறது. தட்டையான படத்தில் தெரியும் கோணம், மூன்று பரிமாணத்தில் உள்ள கோணம் ஆகாது. கை சுழலும்போது, மடங்காத கையும் ஒரு பக்கத்திலிருந்து மடங்கியதாகத் தெரியும். கண்டியில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர் முரளிதரனை, பந்தை எறிகிறார் என்று உலகமே சந்தேகித்தது இந்தத் தோற்றத்தால்தான். பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாத முழங்கை அவருக்கு. 1996இல் பெர்த்திலும் ஹாங்காங்கிலும் நடந்த பரிசோதனைகள், எறிவது போன்ற மாயத்தோற்றமே தெரிகிறது என்றன. அம்பயர்களின் அனுபவக் கண்ணே ஏமாந்த இடத்தில் ஒற்றைக் கேமரா ஏமாறாது என்று எதிர்பார்க்க முடியாது. ஐசிசி விதி பார்ப்பதும் வேறொன்றை: கை தோள் உயரத்துக்கு வந்ததிலிருந்து பந்து விடும்வரை முழங்கை எத்தனை டிகிரி நீள்கிறது என்பதை. அதற்கு வரம்பு 15 டிகிரி. மடங்கியே இருந்து, நீளாமல் இருந்தால் குற்றமில்லை. அதை அளக்க உடம்பில் மார்க்கர் ஒட்டி, பல அதிவேகக் கேமராக்கள் சுற்றி நிற்கும் ஆய்வகம் வேண்டும். சென்னை போரூரில் ஸ்ரீ ராமச்சந்திராவில் ஐசிசி அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் இருக்கிறது. உண்மையான சந்தேகம் இருந்தால் வழி அதுதான்.

ஆப் உதவும் இடங்களும் உண்டு: முன்கால் எங்கே விழுகிறது, தலை சாய்கிறதா, நூறாவது பந்தில் ஆக்‌ஷன் தளர்கிறதா. அதற்குப் போனை இடுப்பு உயரத்தில், ஓடும் கோட்டுக்குச் செங்குத்தாக, ஸ்டாண்டில் அசையாமல் வையுங்கள். வைட் லென்ஸ் வேண்டாம், ஓரத்தில் உருவம் வளையும். தொளதொள ட்ராக் பேன்டில் முழங்கால் எங்கே என்று மென்பொருளுக்குத் தெரியாது, ஷார்ட்ஸ் போடச் சொல்லுங்கள். பக்கவாட்டில் எடுக்கும்போது இடது கால் வலது காலாக மாறி மாறி வந்தால், இரண்டு சாக்ஸும் வேறு வேறு நிறமாக இருந்தால் சில சமயம் சரியாகும். வெளிச்சம் கூடினால் பெரும்பாலும் சரியாகும். பின்னால் நெட் வலையும் ஆட்களும் இல்லாத பக்கம் பாருங்கள்.

## எல்லாம் பார்த்தும் தீரவில்லை

உதவி கேட்கும்போது ஸ்கிரீன்ஷாட் அனுப்பாதீர்கள். வாட்சின் இணையதளத்திலிருந்து அந்த ஓட்டத்தின் அசல் ஃபிட் கோப்பை எடுத்து அனுப்புங்கள். அதில் துடிப்பு, கேடன்ஸ், இடம் மூன்றும் விநாடி வாரியாக இருக்கும், எங்கே தவறு தொடங்கியது என்று பார்த்தவுடன் தெரியும். கூடவே மாடல் பெயர், மென்பொருள் பதிப்பு, ஸ்ட்ராப் கட்டியிருந்தீர்களா, எந்த மோட், எந்த இடம் என்று நான்கு வரி எழுதுங்கள். ரீசெட் செய்வதாக இருந்தால் அதற்கு முன் எல்லாப் பதிவும் சிங்க் ஆகிவிட்டதா என்று போனில் பார்த்துக்கொள்ளுங்கள். வாரன்டி இருக்கும் வரை பின்மூடியைத் திறக்காதீர்கள். ஒருமுறை திறந்துவிட்டால் தண்ணீர் தாங்கும் ரப்பர் பழையபடி உட்காராது.